பெரிய முதலாளி எழுதிய கருத்து

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, தி. நகர் நவமணி ஜவுளி மாளிகையின் நாலாவது மாடி குடோனில், தான் எழுதிய வரிகள் சுவரில் ஆளுயரத்துக்கு வந்து நின்றதைப் பார்த்ததும் சண்முகவேல் முன்னால் நின்றவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். சட்டைத் துணிப் பிரிவில் பதினாலு வருஷமாக நிற்கிறவன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரே நேரத்தில் ஏழு பேருக்குத் துணி விரித்துக் காட்டியவன். அப்போதெல்லாம் தடுமாறாதவனுக்கு இப்போது கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பின்னால் கட்டுவது மரியாதைக் குறைவு என்று சூப்பர்வைசர் கபாலி முறைத்ததால் மறுபடி முன்னால் கொண்டுவந்தான்.

தினமும் கடை திறக்கும் முன் இந்தக் குடோனில் உற்சாகக் கூட்டம் நடக்கும். நூற்றெண்பது பேரும் வரிசையாக நின்று உற்சாகம் அடைய வேண்டும். வழக்கமாக ஒரு கைதட்டல், ஒரு உறுதிமொழி, ஒரு திட்டு என்று பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு மட்டும் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, எதிரே புரொஜெக்டர் வைத்திருந்தார்கள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பூதபுரி என்று போனில் ஒரு விளையாட்டு இருக்கிறது. பின்னால் ஆலை, முன்னால் கடை. ஆலையில் பூதங்கள் நிலா மெழுகு வார்க்கும், பறக்கும் பாய் முடையும், தூக்கம் விரட்டும் தைலம் காய்ச்சும். செய்ததெல்லாம் பெல்ட்டில் ஊர்ந்து கடைக்கு வரும். கடையில் வேறு பூதங்கள் நின்று அதை மந்திரவாதிகளுக்கும் ராட்சசிகளுக்கும் விற்கும். எல்லாருக்கும் மேலே முதலாளி. போன் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் முதலாளி.

விளையாட்டுக்குக் கீழே ஆடுகிறவர்கள் கருத்து எழுத ஒரு பக்கம் உண்டு. நட்சத்திரம் போடலாம், குறை சொல்லலாம், ஒரு கேள்வியைப் போட்டு ஊர் உலகத்திடம் ஓட்டுக் கேட்கலாம். மற்றவர்கள் பிடித்ததற்கு 'சரிதான்' என்று அமுக்குவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, திருவல்லிக்கேணியிலிருந்து வரும் பஸ்ஸில் சண்முகவேலுக்கு அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தவனுக்கு உட்கார்ந்த உடனே முதலாளித்தனம் வந்துவிட்டது. 'பெரிய முதலாளி' என்ற தன் ஆட்டப் பெயரில், ராயப்பேட்டை மணிக்கூண்டு சிக்னலில் நின்ற நேரத்துக்குள் இப்படி எழுதிப் போட்டான்:

"நாலு நட்சத்திரம். கேம் அருமை. ஆனா பூதங்களுக்கு ரொம்ப இடம் குடுத்துட்டீங்க. அரை மணி நேரம் சாப்பிடுது, கால் மணி போதும். நினைச்சப்பல்லாம் குளத்துக்குப் போகுது, டோக்கன் வைக்கணும். கஸ்டமர் வந்தா மட்டும் சிரிக்குது, ஆள் இல்லாதப்பவும் சிரிச்சுப் பழகணும். உக்காந்த பூதம் எந்திரிக்காது, அதனால உக்காரவே விடக்கூடாது. பதினாலு வருஷமா தொழில்ல இருக்கேன், அனுபவத்துல சொல்றேன்."

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, பாருங்கள். பதினாலு வருஷம் தொழிலில் இருக்கிறவன்தானே. எழுதும்போது அவன் யோசிக்கக்கூட இல்லை. அத்தனை வருஷமாகக் காதில் விழுந்ததெல்லாம் விரல் வழியாக இறங்கிவிட்டது. எழுதி முடித்ததும் உடம்பே லேசாக இருந்தது. பதினோராயிரம் பேர் 'சரிதான்' என்று அமுக்கினார்கள்.

அதுதான் இப்போது சுவரில் நின்றது. பக்கத்தில் மைக்குடன் விஜயலக்ஷ்மி மேடம் நின்றார். மயிலாப்பூரிலிருந்து வருகிற மனிதவள ஆலோசகர். இதற்கு முன் வங்கிகளுக்குப் புன்னகைப் பயிற்சி கொடுத்தவர்.

"எல்லாரும் நன்னா படிச்சுக்கோங்கோ" என்றார் மேடம். "இது நான் சொல்றதில்லை, சார் சொல்றதும் இல்லை. பதினோராயிரம் முதலாளிகள் ஏகமனசா சொல்லியிருக்கா. இதுல குளம்னு வர்றது. குளம்னா என்ன? நம்ம ரெண்டாவது மாடி பாத்ரூம். இப்படித்தான் ஒவ்வொரு வார்த்தையையும் உள்வாங்கிண்டு படிக்கணும்."

சின்ன முதலாளி மைக்கை வாங்கினார். இருபத்தேழு வயசு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, அப்பாவை ஐந்தாவது மாடியில் ஓய்வாக உட்கார வைத்துவிட்டுக் கடையைக் கையில் எடுத்தவர். குரலே உயர்த்த மாட்டார். அதுதான் பயம்.

"எங்கப்பா முடிவெடுத்தார், நீங்க எல்லாரும் அவரத் திட்டுனீங்க. நான் முடிவே எடுக்கிறதில்ல. கேக்குறேன், கேட்டபடி நடக்கிறேன். இதுதான் டெமாக்ரஸி. அந்தப் பூதபுரிப் பக்கத்துல பூதம்னு போட்டுத்தான் கேக்குறேன், அதையும் ஒளிக்கல. மனுஷன்னு போட்டா ஜனங்க இரக்கப்பட்டுருவாங்க. உண்மையான கருத்து வராது."

எல்லாரும் கைதட்டினார்கள். சண்முகவேலும் தட்டினான். தட்டாதவர்களைக் கபாலி குறித்துக்கொள்வார்.

அன்றைக்கே டோக்கன் வந்துவிட்டது. ஆளுக்கு நாளைக்கு மூன்று தகர வில்லைகள், ஒவ்வொன்றிலும் அவரவர் நம்பர். சண்முகவேலுக்கு நூற்றுப் பன்னிரண்டு. பாத்ரூம் வாசலில் ஒரு பெட்டி, பெட்டிக்குக் காவலாகக் கபாலி. உட்காருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்த வருஷமே நவமணி ஜவுளி மாளிகை கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் வாங்கிவிட்டது. காலி ஸ்டூல் பார்க்க நன்றாக இல்லையென்று ஒவ்வொன்றிலும் பள்ளிச் சீருடை போட்ட பொம்மையை உட்கார வைத்தார்கள். பொம்மைகள் அந்த வருஷத்திலிருந்து சௌகரியமாகத்தான் இருக்கின்றன.

பக்கத்து சுடிதார் கவுண்டரில் நிற்பது சிந்து. வயிற்றில் ஆறு மாசம். எட்டாவது மாசம் வரைக்கும் எப்படியாவது நின்றுவிட்டால் பிரசவ லீவு கிடைக்கும், பிள்ளை பிறந்தபின் வேலையும் இருக்கும். அதற்குள் வெளியே அனுப்பிவிட்டால் இரண்டும் போச்சு. இதை அவள் சண்முகவேலிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். மூன்று தகர வில்லைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணே மூணாண்ணே. எனக்கு மத்தியானத்துக்குள்ளயே அஞ்சு தபா போவணும். டாக்டரம்மா தண்ணி நெறைய குடின்னு வேற சொல்லிக்கீறாங்க."

"பாத்துக்கலாம்மா" என்றான் சண்முகவேல்.

"இத எழுதுன கட்டைல போறவன் மட்டும் என் கண்ணுல படட்டும். அவன் வீட்ல பொம்பளைங்களே இல்லியா?"

இருக்கிறார்கள். சங்கரன்கோவிலில் ஒரு பெண்டாட்டி, ஒன்பதாவது படிக்கிற ஒரு மகள். சண்முகவேல் துணியை மடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

பெட்டிக்குப் பக்கத்தில் கபாலியும் கொதித்துக்கொண்டுதான் இருந்தார். சூப்பர்வைசர்களுக்கும் டோக்கன் போட்டுவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி. "யார்ரா இந்தப் பெரிய முதலாளி? இருவது வருசமா கீறேன், இப்பிடி ஒரு அநியாயத்த நான் கேட்டதே இல்ல. கைல மாட்னான், தொலைச்சிடுவேன்." டோக்கன் வைக்கணும் என்று முதன்முதலில் சொன்னது அவரேதான், போன தீபாவளிக்கு, இதே பாத்ரூம் வாசலில். மனுஷருக்கு அது மறந்தே போயிருந்தது.

ஆக, கடைக்குள் இரண்டு கூட்டம் பெரிய முதலாளியைத் தேடியது. மேலே இருக்கிறவர்கள் மாலை போடத் தேடினார்கள், கீழே இருக்கிறவர்கள் உதைக்கத் தேடினார்கள். எந்தக் கூட்டத்திடம் மாட்டினால் தேவலை என்று சண்முகவேலால் தீர்மானிக்க முடியவில்லை. லிஃப்டில் யாராவது பூதபுரி என்று பேச்செடுத்தாலே அவனுக்கு வேர்த்தது. போனைப் பேண்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்து டிபன் பாக்ஸ் பைக்குள், சோற்றுக்கு அடியில் வைத்தான்.

வாரா வாரம் புதுக் கருத்து வந்தது. ஆள் இல்லாதபோதும் சிரித்துப் பழக வேண்டும் என்பதற்காக, மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஆளுக்கொரு பொம்மை ஒதுக்கி, அதைப் பார்த்து இருபது நிமிஷம் சிரிக்கச் சொன்னார்கள். பூதங்கள் தங்களுக்குள் பேசுகின்றன என்று எவனோ எழுதினான், கவுண்டருக்குக் கவுண்டர் பேச்சு நின்றது. ஆட்டத்தில் பூதங்களின் தலைக்கு மேலே விளக்கு எரியும். பச்சை என்றால் தெம்பு, மஞ்சள் என்றால் களைப்பு, சிவப்பு என்றால் உதவாது. அதேபோல் எல்லார் சட்டையிலும் ஒரு சின்ன விளக்கு குத்தினார்கள். அதற்கான ரிமோட் கபாலியிடம்; பேசினால் மஞ்சளை அமுக்குவார், விதி மீறினால் சிவப்பை. சிவப்பு மூன்று தடவை எரிந்தால் விசாரணை. சிந்துவுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு தடவை எரிந்துவிட்டது.

ஒரு காலை சுவரில் ஒரே வரி வந்தது. "வயசான பூதத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது? உருக்கி மெழுகாக்கிடணும்." ஒன்பதாயிரம் சரிதான்.

விஜயலக்ஷ்மி மேடம் மிகவும் பக்குவமாகச் சிரித்தார். "பயப்படாதீங்கோ. இதை அட்சரம் பிசகாம எடுத்துக்கணும்னு இல்லை. இதுல இருக்கிற தாத்பர்யத்தை மட்டும் எடுத்துப்போம்."

மறுநாள் வேட்டிப் பிரிவு குலாம் ரசூல் பாயைக் காணோம். ஐம்பத்தெட்டு வயசு, இந்தக் கடைக்கு வந்து முப்பது வருஷம். மாப்பிள்ளை வீட்டாரின் நடையைப் பார்த்தே எத்தனை முழம் என்று சொல்லிவிடுவார். அவர் நிற்கிற இடத்தில் ஒரு பொம்மையை வைத்து வேட்டி கட்டியிருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு, பேச்சென்றால் மஞ்சள் விளக்கு.

சண்முகவேலுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஐயோ, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று தன்னையே நொந்துகொண்டான். மாடிப்படிக்குக் கீழே ஒளிந்து நின்று போனை எடுத்தான். பழைய கருத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். "நான் எழுதினது தப்பு. பூதங்களுக்கும் கால் வலிக்கும். ஸ்டூல் குடுங்க. குளத்துக்குப் போறத எண்ணாதீங்க. தயவுசெஞ்சு."

பத்து நிமிஷத்தில் ஊரே கூடிக் காறித் துப்பியது. 'பெரிய முதலாளிக்கு என்ன ஆச்சு', 'பூதம் கடிச்சிருச்சா', 'பூதத்துக்கு ஸ்டூலாம், அடுத்து கட்டில் கேப்பாரு'. மறுநாள் உற்சாகக் கூட்டத்தில் சின்ன முதலாளி மிகுந்த வருத்தத்தோடு பேசினார். "அவரோட அக்கவுண்ட்ட எவனோ திருடிட்டான். ஏதோ ஒரு வேலைக்காரன்தான் செஞ்சிருக்கணும். இந்த மாதிரி ஒரு தொழிலதிபருக்கு வந்த சோதனையப் பாத்தீங்களா? அவரோட பழைய கருத்த நான் பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன். அது அழியாது." அந்தப் பிரிண்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, லிஃப்டுக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு எரிகிற இடத்தில் மாட்டினார்கள்.

அப்புறம் அவனால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் மாத்திரை முழுங்குகிற அளவு தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வருவான். தன் டோக்கன் மூன்றையும் துணி மடிப்புக்குள் வைத்து சிந்து பக்கம் தள்ளிவிடுவான். "என்னாண்ணே, நீ போவ வேணாமா?" என்று அவள் கேட்டபோது, "ஊர்க்காரன் உடம்பு, தாங்கும்" என்றான். பேசியதற்கு இருவருக்கும் மஞ்சள் எரிந்தது. எட்டு நாள் இப்படியே போனது. அடிவயிறு கல்லாக இருக்கும். இருந்தாலும் அந்த வலி அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, என்ன சொல்ல.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, கபாலி பெட்டியைத் திறந்து எண்ணினார். சிந்து போட்ட டோக்கனில் நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. சிவப்பு விளக்கு மூன்றாவது தடவையாக எரிந்தது.

விசாரணை ஐந்தாவது மாடிக் கண்ணாடி அறையில். சின்ன முதலாளியும் மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். சிந்துவும் சண்முகவேலும் நின்றார்கள், கதவோரம் கபாலி. சிந்து ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேஜை மேலே அவளை வேலையிலிருந்து விடுவிக்கிற கடிதம் தயாராக இருந்தது.

"டோக்கன் திருட்டு" என்றார் மேடம். "மூணாவது சிவப்பு. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும்மா. நானும் ரெண்டு பெத்தவதான். ஆனா அப்போ எனக்கு டோக்கன் இருந்துதா இல்லையாங்கறது இங்க கேள்வி இல்லை பார்."

"அவ திருடல மேடம், நான்தான் குடுத்தேன்" என்றான் சண்முகவேல்.

"எதுக்குக் குடுத்தீங்க?" என்று சின்ன முதலாளி மெதுவாகக் கேட்டார்.

சண்முகவேலுக்கு மகள் முகம் வந்தது. வாடகை மேன்ஷன் அறை வந்தது. சிந்து அழாமல் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அவனால் தாங்க முடியவில்லை.

"அந்தப் பெரிய முதலாளி நான்தான் சார். பஸ்ல உக்காந்துக்கிட்டு விளையாட்டுக்கு எழுதினேன். அது ஒண்ணுமே இல்ல சார், அதை எடுத்துருங்க. அந்தப் பிள்ளைய விட்ருங்க."

சின்ன முதலாளி சிரித்தே விட்டார். "அவர் கோயம்புத்தூர்ல மில் வச்சிருக்கிற ஆளா இருப்பார்னு நான் நெனச்சிட்டிருக்கேன். நீங்க சட்டைத் துணி மடிக்கிறவர். உங்களுக்கு எப்படி இவ்வளவு ஞானம் வரும்?"

சண்முகவேல் கையோடு கொண்டுவந்திருந்த டிபன் பாக்ஸ் பையைத் திறந்து, சோற்றுக்கு அடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினான். பெயர், தேதி, கருத்தை அழித்ததற்கான குறிப்பு எல்லாம் இருந்தது. அவர்கள் நம்பாமல் பார்த்ததால் வரி வரியாகச் சொல்ல ஆரம்பித்தான். "டோக்கன் வைக்கணுங்கிறது கபாலியண்ணன் சொன்னது, போன தீபாவளிக்கு. கால் மணி சாப்பாடு உங்கப்பா சொன்னது, நான் சேர்ந்த வருஷம். ஆள் இல்லாதப்பவும் சிரிங்கன்னு மேடம் பயிற்சியில சொன்னாங்க. உக்காந்தவன் எந்திரிக்க மாட்டான்னு நீங்க சொன்னீங்க சார், வந்த முதல் நாளு, ஸ்டூல்ல பொம்மைய வைக்கச் சொன்னப்ப. என்னுதுன்னு அதுல ஒரு வரி கிடையாது."

கபாலி தரையைப் பார்த்தார். அப்பாடா, உறைத்துவிட்டது என்று சண்முகவேல் ஒரு நொடி நினைத்தான், பாவம்.

சின்ன முதலாளியின் கண் கலங்கிவிட்டது. "மேடம், புரியுதா? நாம பேசினதத்தான் பதினோராயிரம் பேர் சரின்னு சொல்லியிருக்காங்க. வெளியாள் யாரும் நமக்குச் சொல்லித் தரல."

"நம்ம ஸ்தாபனத்தோட பண்பாடு எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு பாருங்கோ" என்றார் மேடம். "துணி மடிக்கிறவன் வரைக்கும்."

எல்லாவற்றையும் சிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சண்முகவேலைத் திரும்பிப் பார்த்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு. கீழே போகச் சொன்னதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை சண்முகவேல் பணியாளர் நல அலுவலர் ஆகிவிட்டான். உற்சாகக் கூட்டத்தில் சால்வை போர்த்தினார்கள். நூற்றெண்பது பேரும் கைதட்டினார்கள். அத்தனை கண்ணும் அவன் மேல் இருந்ததில், மாடியிலிருந்து தள்ளிவிடப் போகிறார்கள் என்றே அவனுக்குத் தோன்றியது. ஐந்தாவது மாடியில் ஒரு கண்ணாடி அறை, சக்கரம் வைத்த நாற்காலி, மேஜை மேலே அவன் பெயர். பதினாலு வருஷத்தில் இந்தக் கட்டடத்துக்குள் அவன் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததும் கால் ரெண்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் ஆடின.

முதல் ஃபைலே சிந்துவுடையது. அதே கடிதம். கீழே அவன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். "நீங்க அவங்கள்ல ஒருத்தர். நீங்க போட்டா அவங்களுக்கு வலிக்காது" என்று சின்ன முதலாளி விளக்கிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு சிந்து உள்ளே வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்திருந்தது.

"வரச் சொன்னீங்களா சார்" என்றாள்.

நேற்றுவரை அண்ணே என்றவள். சண்முகவேல் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பேனாவை எடுத்தான், வைத்தான். வெளியே கண்ணாடி வழியாகக் கபாலி பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டால் நாற்காலி இருக்கும், மகள் படிப்பாள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போதே உடம்பெல்லாம் வேர்த்தது. பயம் அவனை விட்டுப் போகவே இல்லை, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பயந்துகொண்டேதான் எழுந்தான். நாற்காலியைச் சுற்றிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டான்.

"உக்காரும்மா."

"வேணா சார். பாத்துடுவாங்கோ."

"பாக்கட்டும். உக்காரு."

அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சண்முகவேல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். சக்கரம் உருண்டுவிடக் கூடாதே என்று அந்த நேரத்தில் அது ஒரு கவலை.

கபாலி உள்ளே ஓடிவந்தார். "யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு கீற? குடுத்த சீட்ட எவனாவது தூக்கிக் குடுப்பானா?" பின்னாலேயே சின்ன முதலாளி வந்தார். கோபப்படவே இல்லை. நாற்காலியைப் பார்த்தார், சிந்துவைப் பார்த்தார், போனை எடுத்தார்.

"நான் முடிவெடுக்க மாட்டேன். கேப்போம்" என்றார்.

கேட்டார். 'ஒரு கடையில் மேற்பார்வைப் பூதம் தன் நாற்காலியைக் கடைப் பூதத்துக்குக் கொடுத்துவிட்டது. என்ன செய்யலாம்? வைத்துக்கொள்ளலாமா, வெளியே அனுப்பலாமா?' ஒரு மணி நேரம் கெடு. சண்முகவேலை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். அவன் போனிலும் அதே கேள்வி டிங் என்று வந்து விழுந்தது. 'வைத்துக்கொள்ளலாம்' என்று அமுக்கினான். அமுக்கிய விரல் ஈரமாக இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. இதை ஆடுகிறவர்கள் யார்? நிஜ முதலாளிக்கு விளையாட நேரம் ஏது? எங்காவது பெட்ரோல் பங்கில் நிற்கிறவன், செக்யூரிட்டி, நகைக்கடைப் பெண், பஸ்ஸில் இடம் கிடைத்தால் அரை மணி நேரம் முதலாளியாக இருந்துவிட்டுப் போகிறவர்கள். எல்லாம் நம்ம ஆட்கள்தானே. கால் வலி தெரியாதவர்களா? எழுதுவதுதான் ஒரு திமிரில் எழுதுவார்கள், ஒரு நாற்காலியைக் கொடுத்ததற்கா ஆளை அனுப்பச் சொல்வார்கள்? அந்த ஒரு மணி நேரம் அவன் கொஞ்சம் தைரியமாகவே நின்றான்.

ஒன்றரை மணிக்கு மேடம் முடிவை எழுந்து நின்று வாசித்தார். வெளியே அனுப்பலாம் என்று பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். வைத்துக்கொள்ளலாம் என்று முப்பத்தொன்று.

"எனக்கு உங்க மேல எந்த வருத்தமும் இல்ல" என்று சின்ன முதலாளி கைகுலுக்கினார். கடைப் பூதத்தை என்ன செய்வது என்று கேள்வியில் கேட்க மறந்துவிட்டதால் சிந்துவை இப்போதைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைத் திங்கட்கிழமை தனியாகக் கேட்பதாக முடிவாயிற்று. லிஃப்ட் வருவதற்குள் சிந்து மூச்சு வாங்க வந்து அவன் டிபன் பாக்ஸ் பையை நீட்டினாள். "வுட்டுட்டுப் போறியேண்ணே" என்றாள். அவள் சட்டையில் மஞ்சள் எரிந்தது.

பஸ்ஸில் காலியாக இடம் இருந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தான். திங்கட்கிழமைக்குள் என்ன செய்வது, யாரைப் போய்ப் பிடிப்பது, ஊருக்கு எப்படிச் சொல்வது என்று ஒன்றும் ஓடவில்லை.

மேன்ஷன் அறையில் ஷாஹுல் ஹமீது கட்டிலில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லிஸ் ரோட்டில் கண்ணாடி ஃப்ரேம் கடை ஒன்றில் வேலை, வெள்ளிக்கிழமை லீவு. ஒன்பது வருஷமாக ஒரே அறை. போன மழைக்கு சண்முகவேலுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நாள் படுத்துக் கிடந்து கஞ்சி ஊற்றியவன். பூதபுரியை இவனுக்கு ஆடக் கற்றுக் கொடுத்ததும் அவன்தான். கடையில் நடந்த கூத்தை மட்டும் சண்முகவேல் வெட்கப்பட்டுக்கொண்டு அவனிடம் சொன்னதே இல்லை.

"வா மாப்ளே, நல்ல நேரத்துல வந்த" என்று ஷாஹுல் எழுந்து உட்கார்ந்தான். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, கறித்துண்டு அதிகம் இருந்த பாதியை வேறு காகிதத்தில் தள்ளி அவனுக்கு வைத்தான். "இன்னிக்கு ஒரு கேள்வி வந்துச்சு, பாத்தியா? ஏதோ ஒரு பூதம் தன் நாற்காலியத் தூக்கி இன்னொரு பூதத்துக்குக் குடுத்துருச்சாம். சிரிச்சு மாளல. வெளிய அனுப்புன்னு அமுக்கிட்டேன். அதை வச்சுக்கிட்டு எவன் கடை நடத்துவான், சொல்லு."

சண்முகவேல் கதவுக்குப் பக்கத்தில் பையோடு நின்றான்.

"உக்காந்து சாப்பிடு, ஆறிடப் போகுது" என்றான் ஷாஹுல். ஒரு வாய் எடுத்து வைத்தவன், அப்போதுதான் கவனித்து நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா, நீ என்ன இன்னிக்கு மூணு மணிக்கே வந்துட்ட?"